வெட்டின விலை உண்மையான விலையா? – வெள்ளவத்தைக் கடைக்காரத் தங்கச்சி ஒருத்திக்குப் பதில்

கேள்வி: வணக்கம் சேர். வெள்ளவத்தையில ஒரு உடுப்புக் கடை வைச்சிருக்கிறன், சாரி, சுடிதார், பிள்ளையளின்ர உடுப்பு எல்லாம் இருக்கு, வற் (பெறுமதி சேர் வரி) பதிவும் இருக்கு. தீபாவளிக்கு சேல் ஒண்டு போடப் போறன். "50% வரை கழிவு" எண்டு பேனர் அடிக்கலாமா? ஒண்டு வாங்கினா ஒண்டு ஃப்ரீ குடுக்கலாமா? பிறந்த பிள்ளைக்கு உடுப்பு செட் வாங்கிற ஆக்களுக்குக் குழந்தைப் பால்மா டின் ஒண்டு சும்மா குடுக்கிற ஐடியாவும் இருக்கு. 5,000 ரூபாய்க்கு மேல வாங்கினா கூப்பன் குடுத்து ஸ்கூட்டி ஒண்டைக் குலுக்கலில குடுப்பம் எண்டு தம்பி சொல்றான். கார்ட்டில கட்டினா 3% கூட எடுக்கிறனாங்கள், அது பிழையா? போன சித்திரை சேலில ஒரு அம்மா ஸ்டிக்கரை உரிச்சுப் பாத்திட்டு, கீழ இருந்த விலையை ஃபோனில படம் எடுத்து, "பாவனையாளர் அதிகாரசபையின்ர 1977க்கு அடிக்கிறன்" எண்டு கடைக்குள்ள நிண்டு சத்தம் போட்டவ. அதில இருந்து பயமாக் கிடக்கு. - வெள்ளவத்தை வாசகி

பதில்:

தங்கச்சி, குலுக்கல், ஸ்கூட்டி எல்லாம் பிறகு பாப்பம், முதல்ல அந்த ஸ்டிக்கரைக் கதைப்பம், ஏனெண்டா நீங்கள் கேட்ட கேள்வியள்ல பாதிக்கு அதுக்குள்ள பதில் இருக்கு. அந்த அம்மா உரிச்சுப் பாத்த இடத்தில என்ன விலை இருந்தது எண்டு நீங்கள் எழுதேல்ல. ஆனா எழுதாம விட்டதிலயே எனக்கு விளங்குது. மாசக்கணக்கா 6,500க்குத் தொங்கின சுடிதார் செட்டுக்கு மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, 9,900 எண்டு எழுதிக் குறுக்கால ஒரு கோடு இழுத்து, கீழ பெரிசா 6,900, பக்கத்தில "30% கழிவு". கணக்குப் பாத்தா 30% சரிதான், ஆனா வாங்கிற மனிசி போன மாசத்தை விட 400 ரூபாய் கூடக் குடுத்திட்டுப் போறா. இந்த வேலை காலி வீதியிலயும் நடக்குது, புறக்கோட்டை பிரதான வீதியிலயும் நடக்குது, "எல்லாரும் செய்யினம் தானே" எண்டு என்னட்ட வாற வியாபாரியள் எல்லாரும் ஒருக்கா சொல்லுவினம். நீதவானுக்கு முன்னால நிண்டு அதைச் சொல்ல ஏலாது.

எங்கட இலங்கையில சேலுக்கு எண்டு தனியா ஒரு சட்டப் புத்தகம் கிடையாது. இத்தனை வீதத்துக்கு மேல கழிவு குடுக்கக் கூடாது, வருசத்தில இத்தனை நாள்தான் சேல் போடலாம் எண்டும் ஒண்டும் இல்லை. இருக்கிறது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அதில 30 ஆம் பிரிவு, பாவனையாளரையோ இன்னொரு வியாபாரியையோ ஏமாத்துற, இல்லாட்டி ஏமாத்தக் கூடிய மாதிரி நடந்துகொள்ளக் கூடாது எண்டு சொல்லுது. "ஏமாத்தக் கூடிய" எண்ட சொல்லைக் கவனியுங்கோ, ஒருத்தர் ஏமாந்து அழுதுகொண்டு வந்து நிக்கோணும் எண்டு கட்டாயம் இல்லை. "இன்னொரு வியாபாரி" எண்டும் இருக்கு, அப்ப உங்களுக்கு எதிரா உங்கட கஸ்டமர் மட்டுமில்லை, முன்னால இருக்கிற கடைக்காரரும் போய்ச் சொல்லலாம், தீபாவளி நேரம் அவர் உங்கட பேனரை உங்களை விடக் கவனமா வாசிப்பார் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த 31 ஆம் பிரிவு, சாமானைப் பற்றிப் பொய்யான விசயங்களைச் சொல்லி விக்கிறதைத் தடுக்குது.

வெட்டின விலை விசயத்தில ஐரோப்பிய ஒன்றியத்தில ஒரு தெளிவான கணக்கு இருக்கு. 2022 மே 28இல இருந்து, கழிவு அறிவிக்கிற கடை "பழைய விலை" எண்டு காட்ட வேண்டியது அதுக்கு முந்தின 30 நாளில இருந்த ஆகக் குறைஞ்ச விலையைத்தான். எங்கட 2003 சட்டத்தில அப்பிடி நாள் கணக்கு எழுதேல்ல. எழுதேல்ல எண்டதால தப்பினம் எண்டு நினைக்க வேண்டாம், நாள் கணக்கு இல்லாத படியால் வழக்கு எண்டு வந்தா கேக்கிற கேள்வி இன்னும் நேரடியா இருக்கும்: இந்த 9,900க்கு நீங்கள் எப்ப, ஆருக்கு, எத்தினை விற்றனீங்கள்? அதுக்கு உங்கட கையில பில் இருக்கோணும். சட்டத்தரணியா நான் என்ர கட்சிக்காரருக்குச் சொல்றது, குறைஞ்சது ஒரு மாசமாவது அந்த விலைக்குத் தொங்கி, உண்மையா நாலு பேராவது வாங்கின சாமானுக்கு மட்டும் கோடு இழுங்கோ, அந்த நாலு பில்லின்ர கொப்பியையும் சேல் ஃபைலில போட்டு வையுங்கோ, சேல் துவங்க முதல் நாள் பின்னேரம் ராக்கையில இருக்கிற டேக் எல்லாத்தையும் ஃபோனால படம் எடுத்து வையுங்கோ. அரை மணித்தியால வேலை. இந்த ஒரு மாசம் எண்டது சட்டத்தில இருக்கிறதில்லை, என்ர கணக்கு.

இதில உங்கள மாதிரி ஆக்களுக்கு ஒரு உண்மையான சிக்கல் இருக்கு. தீபாவளிக்கு எண்டு சூரத்தில இருந்தோ சென்னையில இருந்தோ புதுசா இறக்கிற சாரிக்குப் பழைய விலை எண்டு ஒண்டு கிடையாது, அது பெட்டியால வெளிய வந்த நாளே சேல்தான். அதுக்கு ஏன் கோடு இழுக்கிறீங்கள்? "தீபாவளி புது வரவு, 5,450" எண்டு மட்டும் எழுதுங்கோ. வெட்டாத விலைக்கு ஒருத்தரும் வழக்குப் போட ஏலாது. அதே சாரி பக்கத்துக் கடையில 8,000 எண்டு சனத்துக்குத் தெரிஞ்சா அவையே கதைப்பினம், வெள்ளவத்தையில கதை எவ்வளவு கெதியாப் பரவும் எண்டு உங்களுக்குத் தெரியும் தானே.

சரி, பேனர். "50% வரை" எண்டு அடிக்கலாம், "வரை" எண்ட சொல்லை ஒளிக்காட்டி. நான் பாக்கிற பேனரில எல்லாம் 50 எண்டது ஆள் உயரத்துக்கு நிக்கும், "வரை" எண்டது கடுகு மாதிரி ஒரு மூலையில கிடக்கும், பஸ்ஸில போறவருக்கு அது தெரியவே தெரியாது. உள்ள வந்து பாத்தா 50% எண்டது ரெண்டு டசின் பழைய கைக்குட்டைக்கும் ஒரு ராக்கை குட்டிப்பிள்ளை சொக்ஸுக்கும். 30 ஆம் பிரிவைப் பிடிச்சுக்கொண்டு கேள்வி கேக்கிறவருக்கு இது நல்ல வசதி. 50% போற சாமான் கடையில கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு இருக்கோணும், எந்தெந்தப் பகுதிக்கு எத்தினை வீதம் எண்டு பேனரிலயே எழுதினா இன்னும் நல்லது: சாரிக்கு 20, சுடிதாருக்கு 30, பிள்ளையளின்ர உடுப்புக்கு 50. துவங்கிற திகதியும் முடியிற திகதியும் போடுங்கோ, போட்டா அந்தத் திகதிக்கு முடியுங்கோ. "கடைசி 3 நாள்" எண்டு நத்தார் மட்டும் தொங்குற பேனரை நீங்களும் பாத்திருப்பீங்கள். நிபந்தனையை இங்கிலீசில மட்டும் எழுதாமத் தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதுங்கோ, வாற கஸ்டமருக்கு விளங்காத நிபந்தனையை வைச்சுத் தப்பலாம் எண்டு எனக்குப் படேல்ல. வெளியில பேனர் கட்டுறதுக்கு மாநகர சபைப் பக்கமும் ஒருக்கா விசாரியுங்கோ, அதுக்கு வேற அனுமதி, வேற கட்டணம்.

"கையிருப்பு உள்ளவரை" எண்டு போடுறது பிழையில்லை. ஆனா ஸ்டோர் ரூமில கிடக்கிறதை வைச்சுக்கொண்டு "முடிஞ்சுது அம்மா" எண்டு சொல்லக் கூடாது, விக்கிறதுக்கு எண்டு வைச்சிருக்கிற சாமானை விக்க மாட்டன் எண்டு மறுக்கிறது அந்தச் சட்டத்தின்ர 15 ஆம் பிரிவில தனிக் குற்றம். முதல் 20 பேருக்குத்தான் எண்டால் முதல் 20 பேர் எண்டே எழுதுங்கோ.

ஒண்டு வாங்கினா ஒண்டு ஃப்ரீ. இதில என்ர சொந்தக் கதை ஒண்டு சொல்றன். ரெண்டு மூண்டு வருசத்துக்கு முதல் புறக்கோட்டையில ஒரு கடையில ப்ரஷர் குக்கர் வாங்கினனான், கூடவே ஒரு தாச்சி இலவசம், மனிசிக்கும் சந்தோசம். குக்கரைத் தூக்கிக்கொண்டு ஒரு நாலு கடை தள்ளி வந்தா அதே குக்கர், அதே கம்பனி, தாச்சி இல்லாம 1,500 ரூபாய் குறைவு. சட்டம் படிச்ச ஆள் தாச்சியைக் காசுக்கு வாங்கிக்கொண்டு நிண்டனான். திரும்பிப் போய் சண்டை பிடிக்க வெக்கமாக் கிடந்தது, அதால போகேல்ல. உங்கட கடையில 2,400க்கு போற ஷேர்ட்டை சேல் நேரம் 4,200 ஆக்கிட்டு "ஒண்டு ஃப்ரீ" எண்டா அதுக்குப் பேர் ஃப்ரீ இல்லை, ரெண்டு ஷேர்ட் 4,200க்கு. அப்பிடியே எழுதுங்கோவன், "2 ஷேர்ட் 4,200", தனித்தனியா வாங்கினா 4,800, அதுவே நல்ல ஒஃபர்தான், பொய்யும் இல்லை. உண்மையாவே இலவசம் எண்டா முதல் ஷேர்ட்டின்ர விலை அசையக் கூடாது. இலவசமாக் குடுக்கிற சாமானும் நல்லதா இருக்கோணும், "ஃப்ரீ தானே" எண்டு கிழிஞ்சதைத் தள்ள வேண்டாம்.

இலவசம் எண்ட உடன இன்னொண்டு. சேலுக்கு ஷொப்பிங் பை சும்மா குடுக்கிறது எங்கட கடையளின்ர பழக்கம், ஆனா 2025 நவம்பர் 1இல இருந்து பொலித்தீன் ஷொப்பிங் பையை இலவசமாக் குடுக்க ஏலாது, விலையைக் காட்டி பில்லில போடோணும். உங்கட பேர் அடிச்ச துணிப் பை குடுத்தா அந்தக் கரைச்சல் இல்லை, விளம்பரமும் ஆச்சு.

பால்மா டின் ஐடியாவை மட்டும் தயவுசெய்து விடுங்கோ. நல்ல மனசோட யோசிச்சிருக்கிறீங்கள் எண்டு விளங்குது. ஆனா தாய்ப்பாலுக்குப் பதிலாக் குடுக்கிற பால்மாவை விளம்பரம் செய்யிறது, கழிவு விலைக்குக் குடுக்கிறது, பரிசாக் குடுக்கிறது எல்லாத்தையும் உலக சுகாதார அமைப்பின்ர 1981 ஆம் ஆண்டுக் கோவை தடுக்குது, இலங்கைக்கும் தாய்ப்பாலூட்டலைப் பாதுகாக்கிறதுக்கு எண்டு தனிக் கோவை இருக்கு. பிறந்த பிள்ளைக்கு ஒரு நல்ல துவாய் குடுங்கோ, தொப்பி குடுங்கோ.

குலுக்கல்தான் நீங்கள் நினைக்கிறதை விடப் பாரமான விசயம். எங்கட லொத்தர் கட்டளைச் சட்டம் 1844இல வந்தது, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், இண்டைக்கும் உயிரோட இருக்கு. காசு குடுத்து, அதிர்ஷ்டத்தால, பரிசு எண்டு மூண்டும் ஒண்டாச் சேருற இடத்திலதான் லொத்தர் எண்ட கதை வரும். 5,000க்கு வாங்கினாத்தான் கூப்பன் எண்டால் அந்த மூண்டில முதலாவதான காசையும் நீங்களே சேக்கிறீங்கள். பெரிய கம்பனியள் செய்யினம்தானே எண்டு கேப்பீங்கள், அவைக்கு நிபந்தனை எழுதிக் குடுக்கிறதுக்கு எண்டே ஒரு சட்டப் பகுதி இருக்கு. உங்களுக்கு நான் சொல்றது ரெண்டு வழி. ஒண்டு, கடைக்கு வாற எவரும் ஒண்டும் வாங்காமலே கூப்பன் நிரப்பிப் போடலாம் எண்டு வையுங்கோ, அதைக் கூப்பனிலயும் பெட்டியிலயும் கொட்டை எழுத்தில எழுதுங்கோ. மற்றது, அதிர்ஷ்டத்தையே எடுத்து விடுங்கோ: 5,000க்கு வாங்கிற எல்லாருக்கும் ஒரு எவர்சில்வர் குத்துவிளக்கு, சின்னனா இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு ரெண்டாவது வழிதான் பிடிக்கும். ஸ்கூட்டிதான் வேணும் எண்டு தம்பி நிண்டா, முதல் வழியில போய், நிபந்தனை எழுதி, குலுக்கிற நாளையும் நேரத்தையும் முதலே சொல்லி, நாலு பேருக்கு முன்னால குலுக்கி, படம் எடுத்து வையுங்கோ, உங்கட வீட்டுக்காரர், கடைப் பிள்ளையள் ஆரும் கூப்பன் போடக் கூடாது. பரிசின்ர பெறுமதி 500,000 ரூபாயைத் தாண்டினா 14% வரிப் பிடித்தம் இருக்கு. ஸ்கூட்டியில இருந்து 14 வீதத்தை வெட்டி எடுக்க ஏலாது தானே, அப்ப அந்தக் காசை ஆர் கட்டுறது எண்டு நிபந்தனையிலயே எழுதோணும், கணக்காளரிட்டக் கேட்டுக்கொள்ளுங்கோ. கூப்பனில எழுதித் தாற ஃபோன் நம்பருக்குப் பிறகு மாசம் முழுக்க மெசேஜ் அடிக்கப் போறீங்கள் எண்டால் அதுக்குத் தனியா ஒரு பெட்டி போட்டு "எனக்குச் சம்மதம்" எண்டு அவையையே குறிக்கச் சொல்லுங்கோ. தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் 2022இலயே வந்திட்டுது, இப்பவே பழகிறது நல்லது.

கார்ட்டுக்கு 3%: எடுக்கக் கூடாது. மத்திய வங்கி இதைப் பகிரங்கமாவே சொல்லியிருக்கு, மெசினுக்கு வங்கி வெட்டுற காசு வியாபாரியின்ர செலவு, கஸ்டமரின்ர தலையில கட்ட ஏலாது, அப்பிடி எடுத்தா கார்ட் குடுத்த வங்கிக்கு முறைப்பாடு செய்யச் சொல்லி சனத்துக்கும் சொல்லியிருக்கு. சேல் நாளில இது இன்னும் மோசம், 20% கழிவு எண்டு வெளியில எழுதிட்டு கவுண்டரில 3% ஏத்தினா உங்கட பேனரே பொய் ஆகிடும். வங்கி கார்ட் மெசினைப் பறிச்சா தீபாவளிக்கு என்ன செய்வீங்கள்?

வற்: கழிவு போக மிச்சம் வாற விலைக்குத்தான் வரி. 4,000 ரூபாய் சாமானுக்கு 20% கழிச்சா 3,200, அதுக்கு 18% 576, மொத்தம் 3,776. சில கடையில பில் மெசினை மாத்தாம 4,000க்கே 720 வரி போட்டு 3,920 எடுக்கிறதைக் கண்டிருக்கிறன், அந்த 144 ரூபாய்க்காக ஒரு ஆள் பில்லைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார். டேக்கில வரியோட சேந்த விலையைப் போட்டா கவுண்டரில கதையே இல்லை. விலையைத் தெரியிற மாதிரிப் போடோணும் எண்டது அந்த 2003 சட்டத்தின்ர 26 ஆம் பிரிவு, பில் கேட்டா குடுக்கோணும் எண்டது 28. சன நெரிசல், பில் புத்தகம் முடிஞ்சுது எண்டு சொல்ல வேண்டாம்.

உங்கட பில்லுக்குக் கீழ "விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" எண்டு சீல் இருக்கும், எனக்குப் பாக்காமலே தெரியும். நிறம் பிடிக்கேல்ல, மருமகளுக்கு அளவில்லை எண்டு வாறவைக்கு அந்தச் சீலைக் காட்டலாம், மனம் மாறினதுக்குச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனா தையல் விட்ட சுடிதாரை, ஒரு தரம் தோய்ச்ச உடனே சாயம் முழுக்கப் போன சாரியைக் கொண்டு வந்தா சீல் காப்பாத்தாது, 32 ஆம் பிரிவு மட்டுமில்லை, 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில இருந்தே சாமான் விக்கத் தகுந்த தரத்தில இருக்கோணும் எண்டு இருக்கு. சேல் விலைக்கு வித்தனாங்கள் எண்டதும் சாட்டில்லை. எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் சாமான் போடுறீங்கள் எண்டால் தனி மேசையில போட்டு, "சின்னக் குறை உள்ளது" எண்டு எழுதி, பில்லிலயும் அப்பிடியே எழுதுங்கோ. குறையைச் சொல்லி வித்தது வேற, மறைச்சு வித்தது வேற.

தண்டப் பணம் எவ்வளவு எண்டு எல்லாரும் கேப்பினம். அந்த 2003 சட்டத்துக்கு 2021இல திருத்தம் வந்து தனி ஆளுக்கு 100,000இல இருந்து 500,000 வரைக்கும், கம்பனிக்கு 500,000இல இருந்து 5,000,000 வரைக்கும் எண்டு ஏத்தினது உச்ச சில்லறை விலைக்கு மேல விக்கிற குற்றத்துக்கு. சேல் பேனருக்கு அந்தத் தொகை இல்லை, அதைக் கேட்டு நித்திரை கெட வேண்டாம். ஆனா கவுண்டருக்குப் பக்கத்தில ஃப்ரிஜ் வைச்சுத் தண்ணிப் போத்தல் விக்கிற உடுப்புக் கடைக்காரர் இதை ரெண்டு தரம் வாசிக்கோணும், போத்தல் தண்ணிக்கு உச்ச விலை வர்த்தமானியில இருக்கு.

இனி அந்த அம்மா. அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுத்தில குடுக்கோணும், வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கோணும், விசாரிச்சுப் போட்டு காசைத் திருப்பிக் குடு, சாமானை மாத்திக் குடு, நட்டஈடு குடு எண்டு அவை உத்தரவு போடலாம். சித்திரையில நடந்ததுக்கு அந்தக் காலம் போயிட்டுது. ஆனா அதிகாரியள் முறைப்பாடு இல்லாமலும் கடைக்குள்ள வருவினம், பண்டிகைக் காலத்தில கட்டாயம் வருவினம், சாதாரண கஸ்டமர் மாதிரி வந்து டேக்கைப் பாத்திட்டு நிப்பினம். அதால இந்தக் கிழமையே ரெண்டு பிள்ளையளை விட்டு ராக்கையில இருக்கிற சிவப்பு ஸ்டிக்கர் எல்லாத்தையும் உரியுங்கோ. மேலால புது ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். துணியில பசை ஒட்டியிருந்தா கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சாப் போகும், பட்டுச் சாரிக்கு மட்டும் அதைச் செய்யாதீங்கோ.

அந்த அம்மாவின்ர பில் கொப்பி இருந்தா, நம்பர் இருந்தா, ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ. "அக்கா, விலையில பிழை நடந்திட்டுது, வித்தியாசக் காசை வந்து எடுங்கோ" எண்டு சொன்னாப் போதும், நீட்டிக் கதைக்க வேண்டாம். வந்தா ஒரு தேத்தண்ணியும் குடுங்கோ. பேனரை அச்சுக்குக் குடுக்க முதல் வசனத்தை எனக்கு வட்ஸ்அப்பில போடுங்கோ, புதுக்கடையில பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நான் ஃப்ரீ, பாத்துச் சொல்றன்.